கற்பூரம் காட்டிய குகை

தேஹு ரோடு, புனே
21.2.1999

சிரஞ்சீவி கோகுல்நாத்துக்கு அம்மா சியாமளா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே உன் அப்பா சௌக்கியம், நானும் சௌக்கியம்தான், இடது கண் மட்டும் நேற்றுத்தான் திறந்தது, அதனால் எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அந்தக் கனடா குளிரில் காதுக்குக் குல்லாய் போட்டுக்கொள்கிறாயா. ஏழு மாதமாக நான் உனக்கு எழுதவில்லை, ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் பண்ணிக்கொண்டு நாலு வரியில் தகவல் சொன்ன பிள்ளைக்கு என்ன எழுதுவது. இப்போதும் ஆசைப்பட்டு எழுதவில்லை, நடந்ததை உன் அப்பா போனில் உளறிக் கொட்டுவதற்குள் நானே சொல்லிவிடலாம் என்றுதான். உன் பெண்டாட்டிக்குத் தமிழ் படிக்க வராது என்பதால் மனசில் பட்டதை அப்படியே எழுதுகிறேன்.

உன் மாமனார் பெண்ட்ஸே சதாசிவ் பேட்டிலிருந்து போன் பண்ணினார். சம்பந்தியாகி இத்தனை மாதமாகியும் ஒரு நாள் சேர்ந்து இருந்ததில்லையே, ஞாயிற்றுக்கிழமை லோனாவ்லா பக்கம் மலையில் ஒரு குகை பார்க்கப் போகலாம் என்றாராம். சம்பந்தியை விருந்துக்குக் கூப்பிடுவார்கள், கோயிலுக்குக் கூப்பிடுவார்கள், குகைக்குக் கூப்பிட்டு நான் கேள்விப்பட்டதில்லை. ராணுவ டிப்போ வேலையில் முப்பது வருஷம் வாயே திறக்காத உன் அப்பா, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஜரூர் ஜரூர், கட்டாயம் வருகிறோம் என்று சொல்லிவிட்டார். போனால் அந்த மனுஷர் இந்த வயதில் அரை டிராயரும் தொப்பியுமாக நிற்கிறார். உன் மாமியார் அதற்கு மேல், சல்வார் கமீஸ், காலில் கேன்வாஸ் ஷூ, நெற்றியில் பொட்டு எங்கே என்று தேட வேண்டும். ஒரு நாள் முழுக்க வெளியே போகிறவர்கள் கொண்டு வந்தது ஒரு பிளாஸ்க் சாயும் ஒரு பொட்டலம் பாகர்வடி நொறுக்குத் தீனியும். நான் விடியற்காலை எழுந்து புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போயிருக்காவிட்டால் உன் அப்பா மயக்கம் போட்டிருப்பார்.

ஒன்றரை மணி நேரம் முள்ளிலும் கல்லிலும் ஏற வைத்தார்கள். எதற்கு, ஒரு பொந்துக்கு. இவர்களுடைய அதிசயம் அவ்வளவுதான், இருட்டு, வௌவால் நாற்றம், மேலேயிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். நம் குவார்ட்டர்ஸ் மாடிப்படிக்கு அடியிலும்தான் இருட்டு இருக்கிறது, அதை யாரும் டார்ச் அடித்துக் காட்டி வாஹ்வா என்று சொல்வதில்லை. மனுஷன் செதுக்கினது இல்லை, மலை தானாகவே திறந்துகொண்டது என்று பெண்ட்ஸே ஏதோ அவரே திறந்து வைத்த மாதிரி பெருமை அடித்துக்கொண்டார். வாசலுக்கு மேலே பாறையில் முறம் முறமாகத் தேன்கூடு தொங்கியது. இங்கே புகை கூடாது, பீடி சிகரெட் கூடவே கூடாது என்று மூன்று தடவை சொன்னார். நானும் கேட்டுக்கொண்டேன்.

உள்ளே பத்தடியில், தண்ணீர் சொட்டுகிற இடத்தில் ஒரு கல், வழுவழுவென்று, பார்த்த மாத்திரத்தில் சுயம்பு லிங்கம். அதைப் போய்க் கல் கல் என்கிறார்கள், பக்தியில்லாத ஜனங்கள். அவர்கள் நாலடி தள்ளி வௌவால் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் பையிலிருந்து மிளகு போட்டு வைத்திருக்கும் கற்பூர டப்பியை எடுத்து நாலு கட்டியை வைத்து ஏற்றினேன். கற்பூரத்தைப் போய் யாராவது புகை என்று நினைப்பார்களா, நீயே சொல். கண்ணை மூடிக்கொண்டு வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நீ அந்தப் பெண்ணை விட்டுவிட்டு என்னிடம் திரும்பி வந்துவிட வேண்டும் என்று.

கண்ணைத் திறப்பதற்குள் குகை முழுக்க ஒரே இரைச்சல். புகை வாசல் பக்கம் போய்க் கூட்டைக் கலைத்துவிட்டது. இரண்டு ஆண்பிள்ளைகளும் எடுத்த ஓட்டத்தில் சரிவில் இறங்கிவிட்டார்கள், உன் அப்பாவின் முழங்கால் வலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கண்ணிமைமேல் இரண்டு கொட்டியதும் எனக்குக் கால் நகரவில்லை. உன் மாமியார்தான் திரும்பி ஓடி வந்தாள். தன் துப்பட்டாவை உருவி என் தலையோடு போர்த்தி, என்னைக் கீழே உட்கார வைத்து, என்மேல் கவிழ்ந்துகொண்டாள். என் காதுக்குள் மராத்தியில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள், ஒன்றும் புரியவில்லை. அவள் முதுகிலும் கழுத்திலும் கையிலுமாக டாக்டர் இருபத்திமூன்று கொடுக்கு எடுத்தார். எனக்கு அந்த இரண்டுதான்.

திரும்பி வரும்போது வண்டியில் என் புளியோதரையை வீங்கின கையால் எடுத்துச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்றாள். மரியாதைக்குச் சொன்னதுதான், சர்க்கரை போடாமல் அவர்கள் நாக்குக்கு எது ருசிக்கும். கற்பூரம் ஏற்றியது யார் என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை, இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். எனக்குத் தெரிந்த ஹிந்தி காய்கறிக்காரனோடு சண்டை போடத்தான் காணும், மன்னிப்புக் கேட்கக் காணாது. போன இடத்தில் ஒரு கல்லைப் பார்த்து அப்படி வேண்டிக்கொண்டேனே என்று எனக்கே என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

வேளைக்குச் சாப்பிடு, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே. உங்கள் இரண்டு பேருக்கும் என் ஆசீர்வாதம், தீர்க்காயுசாக இருங்கள். மேலே எழுதினதையெல்லாம் விட்டுவிட்டு இதை மட்டும் அவளுக்குப் படித்துச் சொல்: அம்ருதா, இன்னிக்கே உங்க அம்மாவுக்கு போன் பண்ணு, வீக்கம் வடிஞ்சுதான்னு கேளு. கற்பூரம் ஏத்தினது நான்தான்னு சொல்லு.

உங்கள் அம்மா,
சியாமளா