சிவப்புப் புள்ளி வைத்த ஆறு போல்ட்டுகள்

அன்புள்ள சேவியர் அண்ணாச்சிக்கு,

முதலில் முக்கியமான செய்தி. நம் கிளப்பின் நிர்வாகக் குழு மூன்று முறை கூடி, அதில் இரண்டு முறை மதியச் சாப்பாட்டுக்காகக் கலைந்து, கடைசியில் ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டது. வாடகைக்கு விடும் கார்பைன்கள் இனி மணல் நிறத்தில் இருக்கப்போவதில்லை. பழையபடி கறுப்பு.

தீர்மானத்தில் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, மணல் நிறத்தில் கையழுக்கு தெரிகிறது, உறுப்பினர்கள் எடுக்கும் போட்டோவில் நன்றாக இல்லை. இரண்டு, உங்கள் நினைவுக்கு மரியாதை. வரிசை அவர்களுடையது.

நீங்கள் போய் நாற்பத்தொரு நாள் ஆகிறது. முப்பதாம் நாள் பூசைக்கு நான் வரவில்லை. டூட்டி இருந்தது என்று உங்கள் மனைவி செலின் மைனியிடம் சொன்னேன். டூட்டி இல்லை. ஷார்ஜா ரோலாவில் நம் ரூமில் மேல் கட்டிலைப் பார்த்தபடி கீழ்க் கட்டிலில் படுத்திருந்தேன்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே சில இடங்களில் விளக்கவேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். பட்டாளத்தில் துப்பாக்கி பழுதுபார்த்துவிட்டு, ஷார்ஜாவுக்கு வெளியே பாலைவனத்தில் இருக்கும் துப்பாக்கி சுடும் கிளப்புக்கு அதே வேலைக்கு வந்தவர். நான் கோவில்பட்டிப் பக்கத்து ஆள். அதே கிளப்பில் ஸ்டோர் கீப்பர். ஆறு வருடம் ஒரே ரூம், ஒரே ரசம், ஒரே சண்டை.

சண்டை பெரும்பாலும் கார்பைனைப் பற்றித்தான். கைத்துப்பாக்கியின் தோட்டாவைச் சுடுகிற நீளத் துப்பாக்கி அது. நான் அதை மதித்ததே இல்லை. "பாக்க ரைஃபிள், கடிக்கிறது பிஸ்டல். ரெண்டுங்கெட்டான் அண்ணாச்சி" என்பேன்.

"போம்வே. இங்க வர்றவன் சண்டைக்கா போறான்? வெள்ளிக்கிழம பொண்டாட்டியோட வந்து அம்பது குண்டு சுட்டுட்டு, பர்கர் தின்னுட்டுப் போறான். ரைஃபிளக் குடுத்தா மறுநாள் தோளத் தூக்க முடியாது. இது உதைக்காது. நீளம் இருக்கதுனால புது ஆளுக்கும் குறி விழும். பிஸ்டலுக்கு வாங்குன தோட்டாவே இதுக்கும் ஆவும், உமக்குத்தான் ஸ்டோர்ல ஒரு பெட்டி மிச்சம். வேற என்னவே வேணும்?"

வேறொன்றும் வேண்டாம்தான். ஆனால் உறுப்பினர்களுக்கு வேண்டியிருந்தது. ஒருவர் ஒரு நாட்டுப் பேரல், இன்னொரு நாட்டு ட்ரிகர், மூன்றாவது நாட்டுத் தோள்கட்டை என்று வரவழைத்து உங்கள் மேசையில் கொட்டிவிட்டுப் போவார். சர்வதேச மாநாடு என்று நான் சொல்வேன். மாநாட்டைப் போலவே எல்லாம் ஒரே மேசையில் உட்காரும், எதுவும் நடக்காது. நீங்கள் சிரிக்காமல் ஒவ்வொன்றாக அளந்து, பாதியைத் திருப்பி அனுப்பிவிடுவீர்கள். "உள்ள போவுதுங்கறதும் பொருந்துதுங்கறதும் ஒண்ணு கெடையாதுவே" என்பீர்கள். அவர்களுக்கு அது பிடிக்காது. உள்ளேதான் போகிறதே?

கிளப்பின் சொந்தக் கார்பைன்கள் பன்னிரண்டு. முதல் ஆறும் ஒரு கம்பெனி. அடுத்த ஆறும் வேறொரு கம்பெனி, சீக்கிரம் அனுப்புகிறேன் என்று சொன்ன கம்பெனி. கேட்டலாக்கில் பார்த்தால் ஒரு தாய் பிள்ளைகள். தோட்டாவின் பின்பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கிற இரும்புத் துண்டுதான் போல்ட். ஒரு கம்பெனியின் போல்ட் மற்ற கம்பெனியின் துப்பாக்கிக்குள் தடையில்லாமல் போகும். மூடும். மூடியதுபோலவே இருக்கும். ஒரு மயிரிழை மூடியிருக்காது. அப்படியே சுட்டால் தோட்டா பின்பக்கமாக வெடித்துத் துப்பாக்கியே சிதறும்.

போல்ட்டுகளில் எண் வெட்டவேண்டும் என்று நீங்கள் மூன்று முறை எழுதிக்கொடுத்தீர்கள். வெட்டினால் அழகு கெடும், பின்னால் விற்கும்போது விலை குறையும் என்று பதில் வந்தது. புஜைராவில் நர்ஸாக இருக்கும் செலின் மைனியின் மேசையிலிருந்து சிவப்பு நெயில் பாலிஷ் ஒன்றை எடுத்துவந்தீர்கள். இரண்டாவது கம்பெனியின் ஆறு போல்ட்டுகளிலும் ஆளுக்கொரு புள்ளி. துடைத்து எண்ணெய் போட்டுப் புள்ளி மங்கினால் மறுபடியும் ஒரு புள்ளி. இரண்டு வருடம் அந்தக் கிளப்பின் பாதுகாப்பு ஏற்பாடு முழுவதும் அந்தச் சின்ன பாட்டிலுக்குள் இருந்தது.

பிறகுதான் மணல் நிறம் வந்தது. பாலைவனத்தில் இருக்கிற கிளப்புக்குப் பாலைவன நிறம் என்பது ஒருவருக்குத் தோன்றியது. போல்ட்டுக்கு எதற்குச் சாயம், அது உள்ளேதானே இருக்கிறது என்று நீங்கள் கேட்டீர்கள். துப்பாக்கியின் பக்கவாட்டு ஜன்னல் வழியாகக் கறுப்பாகத் தெரிகிறது, சொத்தைப் பல் மாதிரி இருக்கிறது என்றார்கள். போல்ட்டுக்கும் சாயம் என்று முடிவானது.

சாயத்துக்குக் கொண்டுபோன நாளில் நீங்கள் லீவில் இருந்தீர்கள். மைனிக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் ஓய்வு கிடைத்திருந்தது. பன்னிரண்டு துப்பாக்கிகளின் பாகங்களையும் ஒரே கூடையில் போட்டு, இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் இருக்கிற பட்டறைக்கு நான் எடுத்துப்போனேன்.

இதுவரை யாரிடமும் சொல்லாததை இப்போது சொல்கிறேன். பட்டறையில் வேலை செய்த பாகிஸ்தான்காரப் பட்டாணி ஒரு போல்ட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். "பாய், யே லால் நிஷான் ரக்னா ஹை?" என்றான். இந்தச் சிவப்பு அடையாளம் இருக்கட்டுமா என்று கேட்கிறான். கேட்டான், அண்ணாச்சி. சாயம் போடச் சொன்னவர்களிலிருந்து என்வரை, கேட்கத் தோன்றிய ஒரே ஆள் அவன்தான்.

"சப் சாஃப் கரோ. கலாஸ்" என்றேன். எல்லாவற்றையும் சுத்தம் செய், முடிந்தது என்று. பட்டறைக்குள் கொதித்தது. வெளியே பிக்கப் வண்டியில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. காரணம் அவ்வளவுதான். பெரிய காரணம் ஏதாவது இருக்கும் என்று நானும் இந்த நாற்பத்தொரு நாளாகத் தேடிப் பார்த்துவிட்டேன்.

மணல் நிறத்தில் பன்னிரண்டு போல்ட் திரும்பி வந்தன. கண்ணால் பார்த்துப் பிரித்து, டீ ஆறுவதற்குள் பன்னிரண்டையும் பூட்டிவிட்டேன். சந்தேகம் இருந்தது. நீங்கள் வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன். நீங்கள் வந்து முதலில் கேட்டுவிட்டீர்கள்.

"புள்ளிய எங்கவே?"

"சாயம் போட்டதுல போயிருக்கும் அண்ணாச்சி. நான் பாத்துதான் போட்டிருக்கேன்."

"பாத்துன்னா எப்படி? அளந்தா?"

"அளந்துதான்."

"நீரு அளந்தா சரி."

நான் அளக்கவில்லை.

பிரித்துப் பூட்டிய எந்தத் துப்பாக்கியிலும் முதல் குண்டை நீங்கள்தான் சுடுவீர்கள். எங்கள் எல்லோரையும் சுவருக்குப் பின்னால் நிறுத்திவிட்டுப் போவீர்கள். பயமில்லையா என்று ஒருமுறை கேட்டதற்கு, "சமைச்சவன் உப்புப் பாக்காம எலையில போடுவானா?" என்றீர்கள். அன்றைக்குச் சமைத்தது நான். உப்புப் பார்த்தது நீங்கள்.

ஆறு கார்பைன்கள் ஒழுங்காகச் சுட்டன. ஏழாவது வேறு மாதிரிச் சத்தம் போட்டது. கண்ணாடி உங்கள் கண்களைக் காப்பாற்றியது. கழுத்துக்கு என்று ஒன்றும் போட்டுக்கொள்வதில்லை.

மறுநாள் போலீஸில் வாக்குமூலம் கேட்டார்கள். அதற்கு முன்னால் நம் மலையாளி மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "முருகேசா, போனவர் போயி. நீ இருக்கியல்லே? தெரியாதுன்னு எழுது. கலாஸ்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். தெரியாது என்று எழுதினேன். என் வாழ்க்கையிலேயே மிகக் குறைவாகத் திருத்தி எழுதிய வாக்கியம் அது.

கிளப் போலீஸுக்குக் கொடுத்த அறிக்கை வந்தது. "பாகங்களைத் தன் சொந்த முடிவின்படி மாற்றிப் பொருத்திய ஊழியரின் கவனக்குறைவு." நல்ல நடை. எழுத்துப்பிழை இல்லை. ஊழியர் என்றால் நீங்கள்.

மைனி போன் செய்தார்கள். "அவருதான் மாத்திப் போட்டாரா தம்பி?" என்று ஒரே கேள்வி. வேறு எதுவும் கேட்கவில்லை. ரிப்போர்ட்டில் அப்படித்தான் மைனி இருக்கிறது என்றேன். அடுத்த வாரம் அதே கேள்வி. எனக்குத் தெரியவில்லை மைனி என்றேன். மூன்றாவது முறை, சிக்னல் சரியில்லை மைனி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

போன வெள்ளிக்கிழமை பஸ் பிடித்துப் புஜைராவுக்குப் போனேன். மைனி டூட்டி முடிந்து, உடை மாற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் அந்த பாட்டில் இருந்தது. உங்கள் சாமான்களோடு கொடுத்தனுப்பியிருந்தோம்.

"இதப் பாரு. என் நகத்துல பட்டதவிட உங்க துப்பாக்கில பட்டதுதான் கூட" என்றார்கள். "புள்ளி வச்சுப் புள்ளி வச்சுப் பிரிச்ச மனுசன் மாத்திப் போட்டாராக்கும்? நீயே சொல்லு."

சொன்னேன். பட்டறை, பட்டாணி, கூடை, டீ. ஒரு மாதத்துக்கும் மேல் சுமந்தது ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. மைனி அழவில்லை.

"அளந்தியான்னு கேட்டாரா?"

"கேட்டாரு மைனி."

"அளந்தேன்னு சொன்ன."

"ஆமா மைனி."

"அவரு நம்பிட்டாரு."

அது கேள்வி இல்லை. வெளியே துறைமுகத்துக்குப் போகிற டாங்கர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. எத்தனை போயின என்று தெரியாது. பிறகு மைனி எழுந்து கதவைத் திறந்தார்கள்.

"எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? அவரு பேர எழுதி வச்சிருக்காங்கள்ல, அங்க போய்ச் சொல்லு."

சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லவில்லை. அந்த வீட்டுக்கு நான் எத்தனையோ முறை வந்திருக்கிறேன். அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொன்னேன். அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார். முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்றார். பயம் என்றேன். எதற்குப் பயம் என்றார். வேலை, விசா, ஊரில் கட்டிக்கொண்டிருக்கும் வீடு, பத்தாவது படிக்கிற மகள் என்று வரிசையாகச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் அவ்வளவையும் அரபியில் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். அது என்ன சொல் என்று கேட்டிருக்கலாம்.

விசாரணையை மறுபடியும் திறந்திருக்கிறார்கள். என் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு ஒரு காகிதம் தந்திருக்கிறார்கள். அறிக்கையில் உங்களைப் பற்றிய வரி இன்னும் இருக்கிறது. ஆனால் இப்போது அதன் பக்கத்தில் என் வாக்குமூலமும் இருக்கிறது.

புதன்கிழமை கிளப் என்னை ஸ்டோரிலிருந்து விலக்கியது. ஒப்படைப்புக் குறிப்பை இங்கிலீஷிலும் இந்தியிலும் எழுதினேன். முதல் வரி: போல்ட்டுகள் இரண்டு வகை, கலக்கக்கூடாது, ஒவ்வொன்றையும் அளந்து எண் வெட்டவேண்டும். புதிய ஸ்டோர் கீப்பர் பொறுமையாகப் படித்தார். "இதை எழுதினது யார்?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "தப்பு செய்ததா ஒத்துக்கிட்ட ஆள் நீங்கதானே?" என்றார். ஆமாம் என்றேன். மடித்து டிராயரில் வைத்தார்.

அண்ணாச்சி, உங்களுக்கு ஒரு வாக்கு. கேட்கிறவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்வேன். புள்ளி வைத்தது நீங்கள், அழிக்கச் சொன்னது நான், அளந்தேன் என்று சொன்னதும் நான். இங்கே உள்ளே வைத்தாலும் சொல்வேன், ஊருக்கு அனுப்பினாலும் உங்கள் தெருவில் வந்து சொல்வேன். மைனி எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன். இனி சிக்னல் சரியாக இருக்கும்.

இன்று காலை ஸ்டாஃப் ரூம் ஜன்னலிலிருந்து பார்த்தேன். மிச்சமிருக்கும் பதினொரு கார்பைன்களின் பாகங்களும் கறுப்புச் சாயத்துக்காகப் பிக்கப்பில் ஏறின. போல்ட்டுகளும்தான். ஒரே கூடை.

உங்கள் கீழ்க் கட்டில் தம்பி,
முருகேசன்