ரத்தம் வெளியே வராத அடி

அன்புத் தம்பி ஏழுமலைக்கு,

"ரத்தமே வரலியேக்கா, அப்புறம் இன்னா பயம்?" என்று கேட்டாய். சிங்கவரத்து நிலத்தில் மோட்டார் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது கொட்டகையின் இரும்பு நிலை தலையில் இடித்துவிட்டது என்று, செஞ்சியில் என் வீட்டுக்கு வந்து புடைப்பைக் காட்டினாய். நான் உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துவிட்டேன். "ஒண்ணுமில்லடா, போ" என்றேன். முப்பது வருடம் அறிவியல் பாடம் நடத்தியவள் சொன்னால் நீ நம்பாமல் இருப்பாயா?

ஒரு மாதம் கழித்து நீ இடது காலை இழுத்து நடந்தாய். செருப்பு கழன்று பின்னால் கிடப்பதுகூட உனக்குத் தெரியவில்லை. பேச்சு குழறியது. விட்டிருந்த குடியை மறுபடி தொட்டுவிட்டாய் என்று நினைத்தேன்.

"வாய ஊது."

சிரித்துக்கொண்டே ஊதினாய். "இன்னா டீச்சர், பாஸா?"

வெற்றிலை வாசனைதான் வந்தது. குடித்ததை மறைக்கத்தான் வெற்றிலை என்று முடிவு கட்டினேன். இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நீ எழுந்திருக்கவில்லை.

விழுப்புரத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார் டாக்டர். "பழசும் இருக்குது, புதுசும் இருக்குது." ஆபரேஷன் செய்தும் நீ பிழைக்கவில்லை.

'புதுசு' என்ற அந்தச் சொல்லை நான் விடவே இல்லை. புது ரத்தம் என்றால் புது அடி. அடித்தது யார்? உன்னோடு ஒரே வீட்டில் இருந்தவன் உன் மகன் சேகர். கடைசி வாரம் அவன் உன்னிடம் சத்தம் போட்டதைத் தெருவே கேட்டிருக்கிறது. அவன் சட்டையில் ஒரு பொத்தான் இல்லாததைக்கூட மனதில் குறித்துவைத்தேன். காரியத்தன்று பந்தியில், எல்லோர் முன்னாலும் கேட்டேன்: "உங்க நைனாவ தள்ளுனியா?" இலையை அப்படியே விட்டு எழுந்து போனான்.

ஏழு மாதம் நாங்கள் பேசவில்லை. போன வாரம் ஸ்கேன் படத்தை எடுத்துக்கொண்டு அந்த டாக்டரிடமே போனேன். என் சந்தேகம் சரி என்று அவர் வாயால் கேட்க வேண்டும்.

"யாரும் அடிக்கத் தேவையில்லம்மா," என்றார். "முதல்ல கசிஞ்ச ரத்தத்தைச் சுத்தி ஒரு சவ்வு வளரும். அதுல இருக்கிற ரத்தக்குழாய்ங்க ரொம்ப மெல்லிசு. புது அடி இல்லாமலே மறுபடி மறுபடி கசியும். இதயத்துக்காக ரத்தம் உறையாம இருக்க மாத்திரை வேற சாப்பிட்டிருக்காரு. இடிச்சிக்கிட்ட அன்னிக்கே வந்திருக்கணும்."

காய்ந்த மல்லாட்டைக் கடலையை ஓட்டோடு காதருகே குலுக்கினால் உள்ளே பருப்பு ஆடும் இல்லையா? வயதாக ஆக மூளையும் ஓட்டுக்குள் கொஞ்சம் சுருங்கிவிடுகிறதாம். இடையில் இருக்கும் ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். லேசாக இடித்தாலே ஒன்று கிழிந்துவிடலாம். வெளியே தோலில் கீறல்கூட இருக்காது.

நேற்று சேகரைப் பார்க்கப் போனேன். வாசலை மறித்து நின்றான்.

"வா அத்த. இப்ப நான் வாய ஊதட்டா?"

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கடைசிவரை கேட்டான்.

"மயக்கமா வருதுன்னாரு, மோட்டார் போட போவாதன்னு கத்தினேன். அதத்தான் தெரு கேட்டுது. நைனா மண்டையில இடிச்சிக்கினு உங்கிட்ட வந்தாரே, நீ இன்னா சொன்ன?"

"ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

"அத ஏன் பந்தியில சொல்லல?"

உன் வாயைச் சந்தேகப்பட்டேன், அவன் கையைச் சந்தேகப்பட்டேன். உன் தலையைத் தேய்த்த என் உள்ளங்கையை ஏன் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை, தம்பி?

உன் வருஷ காரியத்தில் அதே பந்தியில், சேகர் இலையில் உட்கார்ந்த பிறகு, உன்னை 'ஒண்ணுமில்ல' என்று அனுப்பியது நான்தான் என்று எழுந்து நின்று சொல்வேன். உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று: வீட்டில் பெரியவர் யாராவது தலையில் இடித்துக்கொண்டால், ரத்தம் வராவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள், அந்தத் தேதியை நாள்காட்டியில் வட்டமிட்டு வைத்து, இரண்டு மாதம் வரை அவர் நடையையும் பேச்சையும் கவனியுங்கள்.

உன்னை நம்பாமல் போன,
உன் அக்கா