கடைத் தோட்டாவோடு ஒரு போட்டி

என் அன்புக்குரியவளே,

உன் தங்கை வீட்டில் குளிர் எப்படி? இங்கே மொன்டானாவில் பனி உருகத் தொடங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைத் துப்பாக்கி சுடும் போட்டிக்குக் கடைத் தோட்டாக்களைத்தான் கொண்டுபோனேன். நீ வீட்டிலேயே மருந்து நிரப்பிவைத்த தோட்டாக்கள் அலமாரியிலேயே இருக்கின்றன. உன் கை நடுங்கித் தராசில் வெடிமருந்து சிந்திய அன்று, "இனிமே என் கையை நம்பாதே" என்று சொல்லிவிட்டல்லவா தங்கை வீட்டுக்குக் கிளம்பினாய்? டாக்டர் சொன்னதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

கடைப் பெட்டியைப் பார்த்ததும், எப்போதும் என்னோடு போட்டிக்கு வரும் வெண்டல் சும்மா இருப்பானா? "என்னடா, கடைச் சாப்பாடா? வீட்ல சண்டையா?" என்று எல்லார் காதிலும் விழும்படி கத்தினான்.

"வாயை மூடிட்டு உன் இலக்கைப் பாரு" என்றேன்.

கடைத் தோட்டாவைக் குறை சொல்ல முடியாது. எல்லாம் ஒரே சீராகப் பாய்ந்தன. ஆனால் என் துப்பாக்கிக்கென்று அளந்து செய்தவை இல்லையே! நடுப்புள்ளியைச் சுற்றிச் சுற்றியே விழுந்தன. ஆறாவது இடம்தான் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து உன் மேசையில் உட்கார்ந்தேன். உன் அளவுப்படியே மருந்தை எடைபோட்டு, சுட்டு முடித்த தோட்டாக்களின் காலிக் கூடுகளில் நானே நிரப்பினேன். நேற்று சுட்டுப் பார்த்தேன். கடைத் தோட்டாவைவிட நடுப்புள்ளிக்கு நெருக்கமாக விழுந்தன, நம்புவாயா?

குண்டைக் கூட்டுக்குள் எவ்வளவு ஆழம் இறக்குவது என்பதுதான் பிடிபடவில்லை. அது உன் கண்ணுக்குத்தான் தெரியும். அதற்குக் கை எதற்கு? பக்கத்தில் உட்கார்ந்து நீ திட்டு; நான் நிரப்புகிறேன்.

சனிக்கிழமை காலை வண்டியோடு உன் தங்கை வீட்டு வாசலில் நிற்பேன். வெண்டலுக்குப் பதில் சொல்ல நீயே வா.

நிரப்பக் கற்றுக்கொண்டிருக்கும்,
உன் கணவன்