பழுதுபார்த்துக் கொண்டுவந்த ரத்தம்: மறுபரிசோதனை கோரி

அனுப்புநர்:
மூத்த மெக்கானிக், பேருந்துப் பணிமனை,
பணிமனையின் பின்தெரு, மாடி வீடு.

பெறுநர்:
கண்காணிப்பாளர் அவர்கள்,
புதிய சிகிச்சை ஆய்வுப் பிரிவு, பெரிய மருத்துவமனை.

பொருள்: கொழுப்பைக் குறைக்கும் ஊசி ஆய்விலிருந்து நீக்கப்பட்டது – மீண்டும் ரத்தம் எடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் குடும்பத்தில் கொழுப்புதான் பரம்பரைச் சொத்து. அப்பாவும் அண்ணனும் இளவயதிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்கள். நான் மாத்திரையின் தயவில் ஓடிக்கொண்டிருக்கிறேன். எனக்குக் கொழுப்பு ஜாஸ்தி என்று பணிமனையே சொல்லும். ரத்தப் பரிசோதனை பிற்பாடுதான் ஆமோதித்தது.

2. தங்கள் டாக்டர் அம்மா பொறுமையாக விளக்கினார். கெட்ட கொழுப்பை ஈரல் அகற்றவிடாமல் தடுக்கும் ஜீன் ஒன்று உண்டாம். இந்த ஊசி அதை வெட்டாது. அதன் மேல் ஓர் அடையாளம் ஒட்டி, வாயை அடைத்துவிடுமாம். வயரை அறுக்காமல் சுவிட்சை அணைப்பது என்று புரிந்துகொண்டு, சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன்.

3. பிழை அதன் பிறகு, என்னுடையது. தகுதிச் சான்றுக்குப் பேருந்து போகிறதென்றால் பிரேக் பார்த்து, பெயிண்ட் அடித்து, புதுமாப்பிள்ளை போலத்தான் அனுப்புவோம். அந்தப் பழக்கத்தில், தகுதிச் சோதனைக்கு ரத்தம் கொடுக்கும் முன் சில வாரம் வேகவைத்த காய்கறி மட்டுமே தின்று, யாரையும் கேட்காமல் மாத்திரையை இரட்டிப்பாக்கினேன். அளவு அழகாக இறங்கிவிட்டது. "ஆய்வுல சேர்ற அளவுக்கு உங்களுக்குக் கொழுப்பு இல்லையேய்யா" என்று நர்ஸ் வாழ்த்தி அனுப்பிவிட்டார். மனைவி உயிரோடு இருந்திருந்தால், "நோயைக் காட்டப் போற இடத்துக்கு எதுக்குங்க மேக்கப்பு?" என்று தடுத்திருப்பாள். இப்போது வீட்டில் யோசனை கேட்கச் சுவர்தான் இருக்கிறது. அது எதற்கும் மறுப்புச் சொல்வதில்லை.

4. வெளியூரில் இருக்கும் என் மகளுக்கும் இதே ரத்தம். அவளுக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. புது ஊசி என்றால் பயம். "நீங்க முதல்ல போட்டுக்குங்கப்பா. உங்களுக்கு ஒண்ணும் ஆகலைன்னா நானும் யோசிக்கிறேன்" என்றாள். நீக்கப்பட்டதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அவளும் விட்டுவிடுவாள். என் அண்ணன் போன வயதை அவள் நெருங்கிக்கொண்டிருக்கிறாள்.

5. ஆகவே ஐயா, டாக்டர் அம்மா சொல்லும் முறைப்படியே மாத்திரையும் சாப்பாடும் எடுத்து, உள்ளது உள்ளபடி வருகிறேன். இன்னொரு முறை ரத்தம் எடுத்துப் பார்த்து, தகுதி இருந்தால் சேர்த்துக்கொள்ளுமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன். என் முட்டாள்தனத்தையும் ஆய்வில் குறித்துக்கொள்ளலாம். வேறு யாருக்காவது உதவும்.

முடிவைத் தொலைபேசியில் சொன்னால் போதும். வேலை நேரத்திலும் எடுப்பேன். எனக்கு அழைப்புகள் அதிகம் வருவதில்லை. ஞாயிறு காலை மட்டும் வேண்டாம். அப்போது மகள் கூப்பிட்டாலும் கூப்பிடுவாள்.

நாள்: திங்கட்கிழமை
இடம்: பணிமனை ஓய்வறை

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்)
மூத்த மெக்கானிக்