நாலாவது அடி உன்னுடையது இல்லை

என் ராசா இசக்கி,

அக்கா எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் இருக்கும். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. இந்நேரம் நீ பிடிலை ஈரம் படாமல் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருப்பாய்.

அந்தப் பிடிலைச் சிதையில் உன் நெஞ்சின்மேல் வைத்தவள் நான்தான். போகிறவனுக்குப் பிரியமானதைக் கூட அனுப்ப வேண்டும் என்றார்கள். நான் யோசிக்கவில்லை.

காரியம் முடிந்ததும் உன் பெண்டாட்டி செல்வி கேட்டாள்: "மதினி, திருமலை முருகன் கோயிலுக்குக் காவடி போகையில அவுக வாசிப்பாகள்லா, அந்த மெட்டு. ஒருக்கா கேட்டாப் போதும்." போனில் தேடினோம். படமாகத்தான் இருக்கிறாய், சத்தம் இல்லை. உன்னைத் தவிர அதை வாசித்தவர்களும் இல்லை.

சுவரில் நீ மாட்டிவைத்த மேண்டலினை எடுத்தேன். பார்த்துப் பார்த்து உன் விரல் போகும் இடம் எனக்குத் தெரியுமே என்ற தைரியம். வைத்தால் வேறு என்னமோ வந்தது.

"என்ன மதினி, தகரத்துல மழ பெய்யுத மாதிரிலா இருக்கு" என்றாள் செல்வி. நீ போனபிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

தென்காசியில் வாத்தியம் பழுது பார்க்கும் அண்ணாச்சி கம்பியைப் பிடில் சுருதிக்கு மாற்றிக் கொடுத்தார். "விரலு சரியா விழும். ஆனா இழுவை வராது, பாத்துக்கிடுங்க. வில்லுல இழுத்தா சத்தம் நின்னு கேக்கும், இது தட்டுன ஒடனே செத்துரும்."

நாலு மாதத்தில் மெட்டின் மூன்று அடி வந்தது. நாலாவது அடியில் நீ ஒரே இழுப்பில் மேலே ஏறுவாய். அது மட்டும் வரவில்லை. தினமும் ஒன்றை மாற்றி மாற்றித் தட்டினேன். கடைசியில் நானே ஒன்றைச் சேர்த்து முடித்தேன்.

நேற்று செல்வி கேட்டுவிட்டு அழுதாள். "இதேதான் மதினி. அவுகளேதான்."

நாலாவது அடி நான் சேர்த்தது என்று சொல்லாமல் மேண்டலினைச் சுவரில் மாட்டினேன். இன்று காலை பாத்திரம் கழுவிக்கொண்டே என் பொய்யை அவள் முனகுகிறாள். உன் அடியை நினைத்துப் பார்க்கிறேன், எனக்கும் என்னுடையதுதான் கேட்கிறது. உன்னுடையது எங்கே போயிற்று இசக்கி? நான் தட்டித் தட்டியே அழித்துவிட்டேனா?

இனி அது வராது. எனக்குத் தெரிகிறது.

செல்வியிடம் இன்றைக்கே சொல்லிவிடுவேன். ஏசுவாள், ஏசட்டும். இனிமேல் மூன்று அடி வாசித்துக் கையை எடுத்துவிடுவேன். உன் இடத்தில் வேறு எதையும் வைக்க மாட்டேன்.

உன் கூடப் பிறந்தவள்,
சொர்ணம்