மாஹிம் என்று எழுதிய புகார்

ஜூன் 23, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. சனிக்கிழமை மாஹிமில் ஒட்டிய 'காணவில்லை' நோட்டீஸ்கள் கரைந்திருக்கும். மறுபடி ஐம்பது ஜெராக்ஸ். பசை.

பெரியப்பா போய் ஆறாவது நாள். ஓய்வுபெற்ற பிரிகேடியர், வயது எழுபத்தாறு. புதன் காலை ஐந்தே முக்காலுக்கு செம்பூர் வீட்டிலிருந்து வாக்கிங் போனவர். கடிதம் இல்லை. சண்டை இல்லை. மறதி நோய் இல்லை.

விட்டுப் போனவை: மொபைல், கைக்கடிகாரம்.
கொண்டுபோனது: குடை. பர்ஸும் இருக்கலாம்.

"ஆர்மி மேன், அவருக்கு ஒண்ணும் ஆகாது." லிஃப்டில் மட்டும் இன்று நான்கு பேர். ஆர்மி மேன் என்றால் லாரி மோதாதா?

ஜெயந்த் அண்ணன் மெல்போர்னிலிருந்து: "எக்செல் ஷீட் போடு. யார் எங்கே தேடினாங்கன்னு டெய்லி அப்டேட்." காணாமல் போனது அவனுடைய அப்பா. போட்டேன். 'தேடியவர்' என்ற கட்டம் முழுக்க என் பெயர்.

ஜூன் 24, செவ்வாய்

போலீஸ் ஸ்டேஷன். பெஞ்சில் இரண்டு மணி நேரம்.

புதன் மாலை புகாரை மராத்தியில் எழுதியவள் நான். பெரியம்மா (பெ.மா.) சொல்லச் சொல்ல. பிறந்து வளர்ந்த இடம்: மாஹிம். போகக்கூடிய இடம்: மாஹிம். இன்ஸ்பெக்டர் இன்று, "மாஹிம் மே கோயி நஹீ ஜான்தா, மேடம்." எல்லா இடத்திலும் கேட்டாயிற்றாம், அவரை யாருக்கும் தெரியவில்லையாம். அறுபது வருடத்தில் ஆட்கள் மாறியிருப்பார்கள் என்றேன். எனக்கே என் பதில் பிடிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து பெ.மா.விடம், மாஹிமில் எந்தத் தெரு?

"ஸ்டேஷன் பக்கம்."

எந்தப் பக்கம்?

"ஏட்டி, நீயும் போலீஸ்காரன் மாதிரி கேக்காத."

பெரியப்பா மேல் கோபமாக இருக்கிறது. இங்கே மட்டும்தான் எழுத முடியும். ஒரு வரி எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கலாம். 'தேடாதே' என்றாவது.

ஜூன் 26, வியாழன்

வீட்டில் ஜெபக்கூட்டம். முப்பது பேர், ஐம்பது சமோசா. பாஸ்டர் நீளமாக ஜெபித்தார்.

சமையலறை வாசலில் கேட்டது:
"ஏதாவது மிலிட்டரி ரகசியமா இருக்கும்."
"ரிட்டயராகி இருவது வருசம். மூட்டுவலியத் தவிர என்ன ரகசியம்?"

பெரியப்பாவின் தங்கை ரெஜினா அத்தை வாஷியிலிருந்து வந்திருந்தார். நோட்டீஸைக் கையில் எடுத்தார். "மாஹிமா? எதுக்கு மாஹிம்? நாங்க பொறந்தது தாராவியில்லா?"

"மெல்லப் பேசு, ரெஜினா" என்றாள் பெ.மா.

"இன்னும் எத்தன காலத்துக்கு மெல்லப் பேச? ஆளே போயாச்சு."

அப்படியானால் என் அப்பாவும் அங்கேதான் பிறந்திருக்கிறார். இருபத்தாறு வயதில் தெரிகிறது. தாராவிக்காரர்களிடம் விலாசம் கேட்டால், குடிசைப் பகுதி என்று சொல்லக் கூசி, மாஹிம் என்பார்கள், சயான் என்பார்கள், மாட்டுங்கா என்பார்கள். வேலைக்கு, சம்பந்தத்துக்கு, ஸ்கூல் அட்மிஷனுக்கு. ஊருக்கே தெரிந்த விஷயம். போலீசிடமுமா?

எல்லோரும் போனபின் கேட்டேன். பெ.மா. தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "கேட்ட ஒடனே வாயில அதான் வந்துச்சு."

எட்டு நாள். மாஹிம் முழுக்க நான், குடையும் பசையுமாக.

ஜூன் 27, வெள்ளி

கல்லூரி வேலைக்கு லீவு போட்டேன். அத்தையுடன் தாராவி. சந்துகள் அத்தைக்கே குழம்பின. மூன்றாவது டீக்கடையில் மொபைலில் படத்தைக் காட்டினேன். கடைக்காரர் திருநெல்வேலிக்காரர்.

"இவியளா? தெரியுமே. போன வியாழன், வெள்ளி, சனி மூணு நாளும் காலையில இந்த பெஞ்சுதான். ரெண்டு கட்டிங் டீ குடிப்பாவ. எந்த ஊரு அண்ணாச்சின்னு கேட்டேன். இதே ஊருதான்னாவ."

மிலிட்டரியில் இருந்தவர் என்றேன்.

"மிலிட்டரியா? நான் ரிட்டயர்டு வாத்தியாருன்னுல்லா நெனச்சேன். டம்ளரக் கழுவி வச்சிட்டுப் போவாவ."

அப்புறம்?

"ஞாயித்துக்கெழம கடை லீவு. திங்கள்ல இருந்து வரல. ராத்திரி எங்க படுத்தாவன்னு தெரியாது."

யாரிடமாவது சொல்லியிருக்கலாமே என்று அத்தை குரலை உயர்த்தினார்.

"எவம்மா இங்க வந்து கேட்டான்?"

சனிக்கிழமை. நான் மாஹிமில் கம்பத்துக்குக் கம்பம் ஒட்டிய சனிக்கிழமை. அங்கிருந்து இந்தக் கடைக்கு நடந்தால் இருபது நிமிடம்.

ஜெயந்துக்குச் சொன்னேன். உடனே அவன், "கம்ப்ளெயின்டை மாத்தாதே. நியூஸ்ல வந்தா எப்படி இருக்கும்?" போனை வைத்துவிட்டேன். எக்செல் ஷீட்டையும் அழித்துவிட்டேன்.

ஜூன் 28, சனி

மழை விட்டிருந்தது. புகாரைத் திருத்த ஸ்டேஷன். நான் கூப்பிடவில்லை, பெ.மா. தானாகவே சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

இன்ஸ்பெக்டர்: "பெஹ்லே மாஹிம், அப் தாராவி. பக்கா?" முதலில் மாஹிம், இப்போது தாராவி, நிச்சயம்தானா என்கிறார். வீட்டு அடையாளம் வேண்டுமாம். எனக்குத் தெரியாது. அத்தைக்கும் மறந்திருந்தது.

"எழுதுட்டி" என்றாள் பெ.மா. "சர்ச்சுக்குப் பின்னால சந்து. வலது கைப்பக்கம் நாலாவது வீடு அவிய. ஆறாவது வீடு நாங்க."

பெ.மா. பாளையங்கோட்டையில் பிறந்தவள் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தாள்.

"என்ன பாக்க? எழுது."

எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். இன்ஸ்பெக்டர் டீக்கடைக்காரர் சொன்ன தேதிகளைப் படித்தார். பழைய புகாரின் தேதியைப் பார்த்தார். அன்றைக்கே சொல்லியிருந்தால், என்று ஹிந்தியில் ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார்.

"தெரியும் சார்" என்றாள் பெரியம்மா, தமிழில்.