க்ளெபின் தாடையும் உன் கணக்கும்

நோவசிபிர்ஸ்க்
9 பிப்ரவரி 1987

அன்பு மகள் தைசியாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம், நீயும் மாஸ்கோவில் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் கழுத்தை மூடிக்கொண்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம். வலது கையில் கட்டுப் போட்டிருப்பதால் எழுத்து கோணல், பொறுத்துக்கொள். பிறர் வாயால் நீ கேட்குமுன் நானே சொல்லிவிடுகிறேன், உன் க்ளெப் மாமாவை நான் அடித்துவிட்டேன். இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷம் என்னோடு ஒரே அறையில் வேலை பார்த்தவனைத்தான். செவ்வாய்க்கிழமைக் கருத்தரங்கில் உன் ஆய்வேட்டை நானே பெருமையோடு பலகையில் எழுதினேன். புலத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்தாலும் ஒவ்வொரு துகளிலும் ஒரு திருப்பம் மிச்சம் நிற்கும், என் மகளின் கோட்பாட்டில் அந்த மிச்சமெல்லாம் ஒன்றோடொன்று கழிந்துபோகும் என்று சொல்லி முடிக்கவில்லை, அவன் எழுந்தான். "கழியாது அர்க்காதி, உன் பொண்ணு ஒரு துகளை ரெண்டு தடவை எண்ணியிருக்கா. குறி மாறி நிக்குது, கோட்பாடே செத்துப்போச்சு. அப்பனுக்கும் எண்ணத் தெரியல, பொண்ணுக்கும் தெரியல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

முதல் குத்தில் மூக்கு நொறுங்கிக் கண்ணாடி பறந்தது. இரண்டாவதில் தாடை முறிந்த சத்தம் கடைசி வரிசைவரை கேட்டதாம். விழுந்தவன் மேல் ஏறி உட்கார்ந்து அடித்தேன், தரையில் கிடந்த சுண்ணப்பொடி ரத்தத்தில் குழைந்தது, நாலு பேர் இழுத்தும் கை நிற்கவில்லை. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன் மகளே, முதல் அடிதான் உனக்காக. மற்றதெல்லாம் முப்பது வருஷமாக எனக்கு முன்னால் அவன் விடை கண்டுகொண்டே இருந்ததற்காக.

நேற்று அம்மா கொடுத்தனுப்பிய மீன் சூப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள், பேச முடியாது. போலீசிடம் வழுக்கி விழுந்ததாக எழுதிக் கொடுத்திருக்கிறான். என்னைக் கண்டதும் தலையணைக்கடியிலிருந்து ஒரு தாளை நீட்டினான், உன் கணக்கு முழுவதையும் அதில் அவன் திரும்பப் போட்டிருந்தான். நின்றபடியே இரண்டு முறை சரிபார்த்தேன். அவன் சொன்னதுதான் சரி. தாளின் அடியில், "இப்ப யாரை அடிக்கப்போற?" என்று எழுதியிருந்தான். கட்டிலோரம் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வீங்கிய முகத்தோடு அவன் சூப்பைக் காட்டி, ஊட்டிவிடச் சொல்லிச் சைகை செய்தான்.

தாளை இதோடு வைத்திருக்கிறேன். இருபதாம் தேதி பட்டத்துக்காக ஆய்வேட்டை விசாரிக்கும் சபைமுன் நிற்காதே, அதற்குள் ஆய்வேட்டைத் திரும்ப வாங்கிவிடு. ஒரு வருஷம் போனால் போகட்டும். பிழையைக் கண்டது யார் என்று கேட்டால் க்ளெப் பெயரைச் சொல், மறந்துவிடாதே. நீ நோய்நொடியில்லாமல், தலை நிமிர்ந்து வாழ வேண்டும்.

உன் அப்பா,
அர்க்காதி வெனியமீனவ்